பட்டாவும் குத்தகையும் ஒரே டேப்பில்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது பக்கத்து இருக்கைப் பெண்மணி சொன்னது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டு வேண்டாமென்று அடித்ததையெல்லாம் என்ன செய்வீர்கள் என்றார். கிழித்துவிடுவேன் என்றதும் முகம் சுருங்கியது. பெயர் ஆசியா, கூத்தாநல்லூர்க்காரர். சரக்கு ரயில் இஞ்சின் மாற்றிக்கொண்டு கிளம்பும்வரை பேசினார்.

அவருக்கு மரியாதையாக, கைவிட்ட வரிகளை இங்கே அப்படியே விட்டுவைக்கிறேன்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த ஐப்பசி மாலையில் ஆசியா ஜன்னல் வழியே…

(வேண்டாம். அவர் வேலை பார்த்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

நிலத் தகராறுகளைப் பார்க்கும் ஓர் அலுவலகம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஆசியா அங்கே ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து டேப்பில் ஏற்றுவது வேலை. ஏற்றி முடித்ததும் காகிதம் லாரி ஏறிக் கூழாகிவிடும். பிறகு அந்த வழக்கு இந்த உலகத்தில் இருப்பது உள்ளங்கை அகல டேப்பில் மட்டும்தான். பாட்டுக் கேசட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். நடுவிலிருந்து ஒன்றை மட்டும் அழிக்க வழியில்லை; அழித்தால் எல்லாம் போகும்.

சுவரில் முதலமைச்சர் படம் தேர்தலுக்குத் தேர்தல் மாறியது. உழுபவனுக்கே நிலம் என்று எல்லா மேடையிலும் பேசினார்கள். நிலம் வைத்திருப்பவர்களும் அதைக் குத்தகைக்கு உழுபவர்களும் மட்டும் மாறாமல் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

3

ஒருநாள் மேலிருந்து உத்தரவு வந்தது. பட்டா முதலான உடைமை ஆவணங்கள் என்றென்றும் இருக்க வேண்டும். குத்தகை வழக்குகள் தீர்ப்பாகிப் பத்து ஆண்டுகள் இருந்தால் போதும். அப்புறம் அழித்துவிட்டுச் சான்று எழுத வேண்டும். பழைய டேப்புகளில் இரண்டும் கலந்து கிடந்தன. பிரித்துத் தனித்தனிப் புது டேப்புகளில் ஏற்றிவிடச் சொன்னார் கண்காணிப்பாளர் துரைராசு. இடநெருக்கடிதான் காரணம். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக ஆசியா சொல்லவில்லை. (இருந்திருந்தால் எனக்குச் சௌகரியம். கதைக்கு ஒரு வில்லன் கிடைத்திருப்பான்.)

அந்த வாரம் வேம்பு என்கிற விவசாயப் பெண் வந்தார். ஓர் அறக்கட்டளையின் நிலத்தைத் தலைமுறையாக உழுகிற குடும்பம். வெளியேற்றக் கூடாது என்று கணவர் உயிரோடிருந்தபோது வாங்கிய தீர்ப்பு வெள்ளத்தில் போய்விட்டது. இப்போது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. தீர்ப்பின் நகல் வேண்டும் என்றார். அழிக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. ஆசியா டேப்பை ஓட்டித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

நகலை மடித்து வைத்துக்கொண்டு வேம்பு கேட்டார்: “எங்க தெருவுல இன்னும் நாலு வீட்டுக்கு இதே மாதிரி தீர்ப்பு இருக்கும்மா. அவங்களுக்கு இன்னும் நோட்டீஸ் வரல. நாளைக்கு வந்தா, இங்க இருக்குமுல்ல?”

“இருக்கும்மா,” என்றார் ஆசியா.

அவர் படியிறங்கிப் போன பிறகுதான், தான் சொன்னது பொய் என்று உறைத்தது.

4

அன்றிரவு முழுவதும் ஆசியா உறக்கமின்றிப் புரண்டு…

(இது நான் சேர்த்தது. நன்றாகத் தூங்கினேன் என்றுதான் அவர் சொன்னார்.)

மறுநாளிலிருந்து புது டேப்புகளில் ஏற்றத் தொடங்கினார். எதையும் பிரிக்கவில்லை. ஒரு நிலத்தின் பட்டாவை ஏற்றி, அதன் பின்னாலேயே அதே நிலத்தின் குத்தகை வழக்கையும் ஏற்றினார். வேலை முடிந்ததும் பழைய டேப்புகளும் அவற்றை ஓட்டிய இயந்திரமும் கழிவில் போயின.

5

துரைராசுவை முதலில் வெற்றிலைக் கறையும் உருட்டும் விழியுமாக எழுதினேன். ஆசியா சொன்ன மனிதர் அப்படியில்லை. ஓய்வு நெருங்கிய, வம்பில்லாமல் வீடு போய்ச்சேர நினைத்த ஆள். அழிப்புச் சான்று எழுதும் நாளில் குத்தகை டேப்புகளைக் கேட்டார். அப்படித் தனியாக எதுவும் இல்லை என்றார் ஆசியா.

துரைராசு கேட்டார்: “அப்ப இதை அழிச்சா பட்டாவும் போயிடுமா?”

“போயிடும் சார்.”

“தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. புது டேப் வாங்கித் திரும்பப் பிரிச்சிடலாம். உனக்கும் ஒண்ணும் வராது.”

“தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்.”

இதை வீரமாகச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம், அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துத்தான் சொன்னாராம். அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வீட்டில் கேட்டவர்களிடம் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை.

பிறகு அந்தப் பழைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருத்தி கடைக்கு வந்தபோது சொன்னாளாம்: துரைராசு புது டேப் கேட்டு எழுதவே இல்லை. சான்றில் ‘அழிக்க இயலாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த மாதமே ஓய்வு பெற்றுவிட்டார்.

6

இனி முடிவு.

ஒன்று: நாலு வீட்டுக்கும் நோட்டீஸ் வருகிறது. நாலு பேரும் போய் நகல் வாங்குகிறார்கள். நிலம் நிற்கிறது.

இன்னொன்று: அவர்கள் போகும்போது அந்த டேப்பை ஓட்டும் இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது. தீர்ப்பு இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை.

எது நடந்தது என்று ஆசியாவுக்குத் தெரியாது. அந்தத் தெருவுக்கு அவர் போனதில்லை. நானும் போகவில்லை.

எனக்கு வேறொன்று குடைந்தது. துரைராசு ஏன் அப்படி எழுதினார்? மறுபடி பிரிக்கச் சோம்பலா, தன் தலை உருளும் என்ற பயமா, இல்லை அவர் வீட்டிலும் யாராவது குத்தகைக்கு உழுதவர்களா? ஒருமுறை அவரைக் கடைத்தெருவில் பார்த்ததாக ஆசியா சொன்னார். கேட்டீர்களா என்றேன்.

“கேக்கலைங்க. கேட்டு, அவரு உக்காந்து யோசிச்சு, பிரிச்சிடலாம்னு ஆபீசுக்கு ஒரு வரி எழுதிட்டாருன்னா?”

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாலு வீட்டுக்காரர்களை வரவழைக்கலாம், இயந்திரத்தைப் பழுதாக்கலாம். துரைராசுவிடம் மட்டும் காரணம் கேட்டுவிடாதீர்கள்.