தூணோரப் பாட்டு

தூணைப் பார்த்ததுமே வெர்னெல் டாகெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படப்பிடிப்புத் தளத்தில் பெரிய ஓட்டல் கூடம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். பளபளக்கும் தரை, சரவிளக்கு, ஓரமாக ஒரு வெள்ளைத் தூண். தூணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிகூட இல்லை. தரையில் சாக்கட்டியால் ஒரு குறி மட்டும் போட்டிருந்தது.

"அதுல சாஞ்சு நின்னுக்கோ வெர்னெல். போன மாசம் நீ பாடிக் குடுத்த பாட்டு ஓடும், வாயசைச்சாப் போதும்," என்றார் இயக்குநர் ப்ரெஸ்காட்.

"மிஸ் ஹேல் எங்க உக்காருவாங்க?" என்று கதாநாயகியைப் பற்றிக் கேட்டாள் வெர்னெல்.

"அவங்களுக்கு இதுல வேலை இல்லையே. இது உன் பாட்டு. முழுசா உனக்கே."

முழுசா உனக்கேயாம்! என்ன தாராளம்! நியூயார்க் மேடையில் இரண்டு வருஷம் இந்தப் பாட்டை அவள் பாடியது ஒரு பெஞ்சில், கதாநாயகியின் தோளோடு தோள் உரச உட்கார்ந்து. காதலனோடு சண்டை போட்டுவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொள்ளப் புறப்பட்ட பணக்காரப் பெண், ஓட்டல் பாடகியின் பாட்டைக் கேட்டு அழுது, மனம் மாறி, பழையவனைத் தேடி ஓடுவாள். கதையே அந்த பெஞ்சில்தான் திரும்பும். அதே நாடகத்தைப் படமாக எடுக்கிறோம், உன்னை விட்டால் ஆள் ஏது என்று வாயாரச் சொல்லி லாஸ் ஏஞ்சலிஸுக்கு ரயிலேற்றிக் கூட்டிவந்தார்கள். வந்த இடத்தில் பெஞ்சைக் காணோம், தூண் நிற்கிறது.

தூண் எதற்கென்று அவளுக்குத் தெரியாதா? சென்ட்ரல் அவென்யூவில் அவள் தங்கியிருந்த விடுதியில் எல்லாரும் கறுப்பர்கள், பாதிப் பேர் ஆட்டக்காரர்கள், பாட்டுக்காரர்கள். 'தூண் வேலை' என்றே அதற்கு அங்கே பேர். கறுப்பு ஆளைத் தனியே நிறுத்து. யாரும் அவரிடம் பேச வேண்டாம், கதையில் அவருக்கு ஒரு முடிச்சும் வேண்டாம். தெற்கு மாநிலங்களுக்குப் படம் போகும்போது, திரையில் கறுப்பரைப் பார்த்தால் அங்கே வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தத் துண்டை மட்டும் நறுக்கிப் போட்டுவிடலாம். படம் பாட்டுக்கு ஓடும், ஒரு இழை பிரியாது.

அந்தத் தெற்கில், ஜார்ஜியாவின் சவானாவில்தான் வெர்னெலின் அம்மா இருக்கிறாள். ஊரார் துணியைத் துவைத்துத் துவைத்துப் பெண்ணை ஆளாக்கியவள். இடுப்பு ஒத்துழைக்காததால் நியூயார்க்குக்கு ஒரு தடவைகூட வர முடியவில்லை. மகள் மேடையேறி அவள் பார்த்ததே கிடையாது. இந்தப் படத்துக்குத்தான், கொட்டகையின் பக்கவாட்டுப் படியேறி, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய மாடியில் உட்கார்ந்து, முதல்முறையாகப் பார்க்கப் போகிறாள். தேவாலயச் சபை முழுக்கச் சொல்லி வைத்தாயிற்று. புதுத் தொப்பிகூட வாங்கிவிட்டாளாம்.

வெட்டிவிட்டால் அந்த மனுஷி அங்கே போய் எதைப் பார்ப்பாள்? திரைச்சீலையையா?

"தெக்க போறப்ப வெட்டுறதுக்குத்தானே என்னை இப்படித் தனியா நிறுத்துறீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

ப்ரெஸ்காட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் மேலிடத்து விஷயம்மா. என் கையில என்ன இருக்கு? ஊரு அப்படி இருக்கு."

பழியை ஊர் தலையில் போட்டுவிட்டுக் கத்தரிக்கு வசதி செய்துகொடுக்கிறவரிடம் என்ன பேச? தலை சுற்றுகிறது, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நேரே கதாநாயகி கொரின் ஹேலின் ஒப்பனை அறைக்குப் போனாள்.

நியாயம் கேட்கப் போகவில்லை. நியாயம் கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொள்வார்கள், கண் கலங்குவார்கள், அப்புறம் சாப்பிடப் போய்விடுவார்கள்.

கொரின் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு பீச் பழம் தின்றுகொண்டிருந்தாள். "என்ன வெர்னெல், மூஞ்சி இந்தக் கொதி கொதிக்குது?"

"உங்களுக்காகத்தான் மிஸ் ஹேல். வயிறு எரியுது. நீங்க அழற சீனைத் தூக்கிட்டாங்களே!"

"எந்தச் சீன்?"

"பெஞ்சு சீன்தான். நியூயார்க்ல உங்க வேஷம் போட்ட பொண்ணு அதுல அழுதான்னா கொட்டகையே மூக்கைச் சிந்தும். அந்த ஒரு அழுகையிலதான் அவளுக்குப் பேரே. இங்க என்னடான்னா, ஒரு சீன்ல சண்டை போடறீங்க, அடுத்த சீன்ல சிரிச்சுக்கிட்டு ஓடறீங்க. நடுவுல என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? பாக்கறவன் உங்களைக் கிறுக்குன்னு நெனைக்க மாட்டான்?"

கொரின் பழத்தைக் கீழே வைத்தாள். "என் அழுகையைத் தூக்குனது எவன்?"

ஈரக் காலோடு அவள் தளத்துக்குள் நடந்த நடையைப் பார்த்ததும் தயாரிப்பாளர் எங்கிருந்தோ ஓடி வந்தார். "என் அழுகை எங்கய்யா?" என்று அவள் போட்ட சத்தத்தில் மேலே விளக்கு கட்டுகிறவர்கள் வேலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள். வெர்னெல் ஒன்றும் தெரியாதவள் போல் ஓரமாக நின்றாள். மதியச் சாப்பாட்டுக்குள் பெஞ்சு வந்துவிட்டது. தான் வருஷக்கணக்கில் கெஞ்சியிருந்தாலும் வராத பெஞ்சு, இவள் ஒரு அதட்டுப் போட்டதும் வந்துவிட்டதே என்று அதற்கும் வெர்னெலுக்கு ஆத்திரம்தான் வந்தது.

இருந்தாலும் பாட்டு ஓட ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். கொரின் நிஜமாகவே அழுதாள். அழுதுகொண்டே தலையை வெர்னெலின் தோளில் சாய்த்தாள். கதாநாயகியின் தலையே என் தோளில் கிடக்கிறது, இப்போது வெட்டுங்கள் பார்க்கலாம் என்று வெர்னெல் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அது முடிந்ததும், கொரினின் முகத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு தடவை எடுத்தார்கள். பெரிய நடிகைகளுக்கு அப்படி எடுப்பது வழக்கம்தான். கேமராவில் படாமல் எதிரே உட்கார்ந்து, கொரினுக்கு அழுகை வரவேண்டுமே என்று வெர்னெல் நிஜக் குரலிலேயே உருகி உருகிப் பாடிக்கொடுத்தாள்.

படம் வெளியானதும் லாஸ் ஏஞ்சலிஸில் பார்த்தாள். பெஞ்சு, தோள், பாட்டு, எல்லாம் முழுசாக இருந்தன. அன்றைக்கே சவானாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அங்கே படம் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விடுதிக் கூடத்துத் தொலைபேசியில் அம்மா கூப்பிட்டாள்.

"பாத்தியாம்மா? எப்படி இருந்தேன்?"



"நீ எங்கடி இருந்த?"

"என்னம்மா சொல்ற? பெஞ்சுல, அந்தப் பொண்ணு பக்கத்துல…"

"பாட்டு வந்துச்சு. உன் கொரலு எனக்குத் தெரியாதா? ஆனா பாட்டு முழுக்க அந்த வெள்ளக்காரப் பொண்ணு மொகந்தான். அழுதுக்கிட்டே இருக்கா. இந்தா வருவ, இந்தா வருவன்னு கழுத்த நீட்டி நீட்டிப் பாக்குறேன். பாட்டும் முடிஞ்சுது. அவளும் எந்திரிச்சு ஓடிட்டா."

வெர்னெலுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தெற்குக்கென்று தனிப் பிரதி போட்டிருக்கிறார்கள். பாட்டை வெட்டினால் கொரினின் அழுகை போய்விடும். ஆகவே பாட்டை வைத்துக்கொண்டு பாடியவளை வெட்டிவிட்டார்கள். கிட்டத்தில் எடுத்த அந்தத் துண்டை, வெர்னெல் சண்டை மூட்டி வாங்கிக்கொடுத்த அழுகையையே, எடுத்து அவள் முகத்தின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். பாவிகள்! இந்தச் சாமர்த்தியத்தை வேறு எதிலாவது காட்டியிருந்தால் உருப்பட்டிருப்பார்களே!

"சபைக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்களாம்மா?"

"வராம? மாடி நெறைய நம்ம சனந்தான். பாஸ்டர் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'மொகம் வராட்டி என்ன சிஸ்டர் டாகெட், கொரலாவது வந்துச்சே, கர்த்தருக்கு நன்றி சொல்லுங்க'ங்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"கைய ஒதறிட்டேன். பாஸ்டர்னும் பாக்கல, கீழ வெள்ளக்காரன் உக்காந்திருக்கான்னும் பாக்கல. எந்திரிச்சு நின்னு கத்திப்புட்டேன், நான் பெத்தது கொரல மட்டுமான்னு."