மண் சரிந்த மத்தியானம்

மூன்றாம் நாளும் மழை விடவில்லை. மலையடிவாரத்துச் சந்தில் மதிவதனியின் வீட்டுக்கு மேலே ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அதில் ரேணுகாம்பாள் தனியாக இருந்தாள். கணவர் போன பிறகு, கோயில் வாசல் கடைகளுக்குப் பூ கட்டிக் கொடுத்துப் பிழைப்பவள். அந்த வீட்டுக்கும் மேலே புதரும் பாறையும் மலையும்தான்.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் மேலே ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. மதிவதனி பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஆட்டோவுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் வளவன் மேலே பார்த்தபடி நின்றிருந்தான். ரேணுகாம்பாள் வீட்டின் கூரையும் சமையலறை ஜன்னலின் மேல்பாதியும் மட்டும் தெரிந்தன. வாசல் இருந்த இடத்தில் செம்மண்ணும், ஆள் உயரத்துக்கு ஒரு பாறையும்.

சந்து முழுக்கக் கீழ்முனையில் கூடிவிட்டது. சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் ரோட்டில் தண்ணீர், வர நேரமாகும் என்றார்கள்.

"யாரும் மேல போவாதீங்க, இன்னும் சரியும்" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சரளைக்கற்கள் உருண்டுகொண்டுதான் இருந்தன.

வளவன் கடப்பாரையை எடுத்தான். மதிவதனி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா உள்ள இருக்காங்க மதி."

"ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து பாத்துப்பாங்க."

"அதுவரைக்கும்?"

"எனக்குத் தெரியாது. நீங்க போகக் கூடாது. இதுங்க ரெண்டுத்துக்கும் வேற யாரு இருக்கா?"

அவன் கையை உதறவில்லை. அவனும் பயந்திருக்கிறான், தன் பிடி அவனுக்குச் சௌகரியமாக இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் குரல் கேட்டது.

"மதி... மதி..."

இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் எதிரெதிரே. தினமும் அந்த ஜன்னலில் நின்றுதான் ரேணுகாம்பாள் அவளைக் கூப்பிடுவாள். கூட்டம் மொத்தமும் திரும்பி மதிவதனியைப் பார்த்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னால் போக வேண்டியிருக்கும். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த முறை அந்தக் குரல் மெலிந்திருந்தது.

தெருமுனையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் ஃபைசான், ரம்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"அண்ணே, கரண்ட் இல்ல, மிஷின் ஓடாது. கையாலதான் ஜன்னல் கம்பிய அறுக்கணும். மண்ணு தள்ள ஒரு ஆள் வேணும்" என்றான் வளவனிடம்.

"பயமா இல்லியாப்பா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"இருக்குது" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

"இருக்கேன்க்கா, வந்துட்டேன்."

தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பதை மதிவதனி பிறகே உணர்ந்தாள். பிடி விட்டுப்போயிருந்தது. பிள்ளைகளைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தள்ளி, "கீழ கூட்டினு போங்க" என்றாள்.

ஜன்னலுக்குள் இருட்டு. ரேணுகாம்பாள் இடுப்புவரை மண்ணில் புதைந்திருந்தாள். அவள் படுப்பதும் அந்தச் சமையலறையில்தான்; கட்டில் சாய்ந்து ஒரு காலை அழுத்தியிருந்தது. மதிவதனி கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்தாள். ஃபைசான் அறுத்தான், வளவன் மண்ணை வாரினான்.

திடீரென்று மேலே மறுபடி கடகடவென்று சத்தம். மூவரும் ஓடினார்கள்.

"விட்டுட்டுப் போவாத மதி."

கால்கள் நிற்கவில்லை, ஓடின. ஒரு கல் மதிவதனி வீட்டுச் சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு போய் நின்றது. அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கணவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி ஏறினாள். பின்னால் இருவரும் வந்தார்கள். சற்று நேரத்தில் கீழிருந்து இன்னும் சிலர் மண்வெட்டியும் அன்னக்கூடையுமாக வந்து சேர்ந்தார்கள். மேலே போகாதீர்கள் என்று சொன்னவரும் வந்தார். ஒவ்வொரு கூடைக்கும் ஒருமுறை மலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

தீயணைப்பு வண்டி வந்தபோது, ரேணுகாம்பாளை ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். கால் முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் வார்டில் ரேணுகாம்பாள் கேட்டாள்: "மொதல்ல கூப்பிட்டப்ப உனக்குக் கேக்கலியா?"

மழை என்று சொல்லிவிடலாம். மதிவதனி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுக்கா. பயந்துட்டேன். அவரையும் நான்தான் போக விடல."

ரேணுகாம்பாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உள்ள கெடக்கறப்ப அதான் யோசிச்சேன். உன் வீடு மேல மண்ணு விழுந்திருந்தா நான் வந்திருப்பனான்னு. தெரியல மதி."

வெளியே மறுபடி மழை பிடித்தது. இருவருமே சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மதிவதனி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.