பிடிக்காத ஊசி

தன்னைப் பற்றி அருந்ததிக்கு இரண்டு விஷயங்களில் எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. ஒன்று, தன் உடம்பில் ஓடுவது நல்ல இரத்தம். மற்றது, தான் சாப்பிடுவது நல்ல சாப்பாடு. தொண்ணூற்றேழு வயது வரை கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் வாசித்த ஏரம்பரின் பூட்டப்பிள்ளை அவள். காலையில் குரக்கன் புட்டு, மத்தியானம் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும் முருங்கையிலை வறையும், சனிக்கிழமை ஒடியல் கூழ். அரியாலையில் அவள் வீட்டுக் குசினிக்குள் வெள்ளைச் சீனி நுழைந்து பதினொரு வருடம் ஆகிறது.

பட்டினத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு அவள் பொறுப்புத் தாதி. சிறுநீரகம் பழுதானவர்கள் அங்கே இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு நான்கு மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். எழுந்து ஓட முடியாது. உணவைப் பற்றிப் பேச விரும்பும் ஒருத்திக்கு அதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? அவர்களுக்கு முருங்கையிலை கூடாது என்பது அவளுக்கும் தெரியும். சாப்பிடத்தான் கூடாது, அதன் பெருமையைக் கேட்பதில் பிழையில்லையே என்று பேசிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய பேச்சில் கெட்ட உதாரணமாக வருபவர் நீக்கிலாப்பிள்ளை. இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும் ஊழியர், ஐம்பத்தேழு வயது. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் இரண்டு ரோல்ஸ், இரவில் கொத்துரொட்டி, இடையிடையே சிகரெட்.

"அண்ணை, உங்கடை உடம்பு எப்பிடித்தான் தாங்குதோ!" என்பாள்.

"தாங்குது சிஸ்டர்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அந்தப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கு மூன்று தடுப்பூசி போட வேண்டும். இரண்டு மாதம் கழித்து, ஊசி பிடித்ததா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி பத்துக்கு மேல் இருந்தால் பிடித்தது என்று அர்த்தம். போன வருடம் எல்லோருக்கும் பெயர் எழுதி, திகதி குறித்து, துரத்தித் துரத்திப் பரிசோதனைக்கு அனுப்பியவள் அருந்ததிதான். தன் பெயரை மட்டும் அவள் எழுதவில்லை. ஏரம்பரின் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதா?

ஆனி மாதத்து ஒரு காலை, புதிதாக வந்த நோயாளி ஒருவரின் கையிலிருந்து ஊசியைக் கழற்றும்போது அவர் திடுக்கென்று கையை இழுத்தார். ஊசி கையுறையைத் துளைத்து அவள் விரலில் ஏறியது. கடுகளவு இரத்தம். கழுவிக்கொண்டு டொக்டர் உதயகலாவிடம் போனாள்.

"உங்கடை அளவு எவ்வளவு சிஸ்டர்?"

"பாக்கேல்லை."

"என்ன?"

"பாக்கத் தேவையில்லை எண்டு நினைச்சிட்டன், டொக்டர்."

டொக்டர் அவளுக்கும் நோயாளிக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அருந்ததிக்கு.

பின்னேரம் இரண்டு முடிவுகள் வந்தன. நோயாளிக்கு அந்தக் கிருமி இல்லை. கடவுளே என்று மூச்சு விட்டாள். மற்றது அவளுடையது: இரண்டுக்கும் குறைவு. மூன்று ஊசி போட்டும் உடம்பு கண்டுகொள்ளவேயில்லை. அலுமாரியில் இருந்த பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தாள். நீக்கிலாப்பிள்ளை: ஆயிரத்துக்கு மேல்.

ஆய்வுகூடத்தில்தான் பிழை என்று அவள் முடிவு செய்தாள். மறுநாள் ஸ்கூட்டியில் மருதனார்மடம் வரை ஓடி, அங்கே ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் பாலேஸ்வரி என்று பொய்ப்பெயர் கொடுத்து இரத்தம் எடுக்கக் காத்திருந்தாள். "பாலேஸ்வரி! பாலேஸ்வரி!" என்று கூப்பிட்டார்கள். ஆர் அந்தச் செவிட்டு மனிசி என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்ட பெண் கிட்ட வந்து, "நீங்கள் அருந்ததி சிஸ்டர் எல்லோ? எங்கடை பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்திலை குரக்கனைப் பற்றிக் கதைச்சனீங்கள்" என்றாள். முடிவும் பழையபடிதான். இரண்டுக்கும் குறைவு.

அன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஜெயதீபனை அழைத்துச் சொன்னாள். அவன் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவன்.

"எனக்கும் பிடிக்கேல்லை அக்கா. ஆறு ஊசி போட்டவங்கள். ஒண்டும் நடக்கேல்லை."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால், நான் தின்னுற பேர்கரைப் பற்றி நீ ஒரு மணித்தியாலம் கதைப்பாய்."

அருந்ததிக்கு ஒரேயடியாக ஆறுதல் வந்தது. பரம்பரைதான் காரணம்! ஒரு பகல் முழுக்க, அதுவரை வானளாவப் புகழ்ந்த ஏரம்பரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். டொக்டரிடமும் போய்ச் சொன்னாள்.

"பரம்பரைக்கும் பங்கு இருக்கு" என்றார் டொக்டர். "கிருமியை உடம்பு எப்பிடி அடையாளம் பிடிக்கிறது எண்டதிலை மரபணு தலையிடும். வயது, உடம்புப் பருமன், சீனி வருத்தம், சிகரெட், எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. சாப்பாட்டுக்கும் இருக்கலாம். போன முறை ஊசி போடேக்கை என்ன சாப்பிட்டனீங்கள்?"

அருந்ததி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் ஊசியின்போது கந்தசஷ்டி, ஆறு நாளும் பாலும் பழமும். அந்த வருடம் முழுக்க முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் தள்ளிவைத்து உடம்பைச் 'சுத்தப்படுத்தி'க் கொண்டிருந்தாள்.

"அதாலையோ டொக்டர்?"

"உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியாது. ஒரு ஆளைப் பாத்து இதாலைதான் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. திரும்ப மூண்டு போடுவம். கொஞ்சம் முட்டையும் சாப்பிடுங்கோ. எப்பிடியும் அது நல்லதுதானே."

தெரியாது என்ற சொல்லை ஒரு டொக்டர் இவ்வளவு இலகுவாகச் சொல்வார் என்று அவள் நினைத்ததில்லை. தான் அதைக் கடைசியாக எப்போது சொன்னாள் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

புது மூன்று ஊசியும் போட்டு முடிவு வரும்வரை, எட்டு மாதம், அவள் நோயாளிகளுக்கு ஊசி ஏற்றாமல் மேசை வேலை பார்த்தாள். பரிசோதனைப் பட்டியலில் தன் பெயரை முதலாவதாக எழுதினாள். ஏன் என்று கேட்ட எல்லோருக்கும் காரணத்தையும் சொன்னாள். சொல்லும்போது முதல் இரண்டு தரம் முகம் எரிந்தது, மூன்றாம் தரம் அவளுக்கே சிரிப்பு வந்தது. நீக்கிலாப்பிள்ளை மட்டும் ஒரு சொல் கேலி பண்ணவில்லை. "உந்த ஆயிரத்திலை உங்களுக்குக் கொஞ்சம் தரலாமெண்டால் தந்திடுவன் சிஸ்டர்" என்றார். அவள் சிகரெட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்து, பிறகு தேத்தண்ணி குடிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.

மாசியில் முடிவு வந்தது. நாற்பத்தொன்று.

முட்டையா, புது ஊசியா, வெறும் அதிர்ஷ்டமா? பரம்பரை என்றால் தம்பிக்கு ஏன் ஆறிலும் பிடிக்கவில்லை? ஒரே தாய் தகப்பன், இருபது வயது வரை ஒரே சட்டிச் சோறு.

ஜெயதீபனை அழைத்தாள். நாற்பத்தொன்று என்றதும் அவன் சந்தோஷப்பட்டான்.

"அப்ப பிடிக்காதது எனக்கு மட்டும்தான் அக்கா."

அவனுக்கு என்ன சாப்பாடு சொல்லலாம் என்று தேடிய நாக்கை அடக்கிக்கொண்டாள்.

"வேலைக்குப் போகேக்கை கையுறையை ரெண்டாப் போடு" என்றாள். "ஊசி குத்தினால் அண்டைக்கே டொக்டரிட்டைப் போ. உடம்பு பாத்துக்கொள்ளும் எண்டு என்னை மாதிரி விசர்த்தனமா இருந்திடாதை."

"ஓம் அக்கா" என்றான் அவன்.