கம்பளிக் கொசுவம்

பூபாலன் முதல் தடவையாக கில்ட் உடுத்திக்கொண்டு நடைப் பயிற்சிக்கு வந்தபோது, மணிமுத்தாற்று மணலில் நின்றிருந்த பத்துப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கரும்பச்சைக் கட்டம் போட்ட கம்பளித் துணி. இடுப்பில் இரண்டு தோல் வார், முழங்கால் வரை நீளம், பின்பக்கம் நெருக்கமாகக் கொசுவம். கீழே முழங்காலைத் தொடும் காலுறை, கனமான பூட்ஸ்.

முதலில் வாயைத் திறந்தவர் பழமலைநாதன். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். வருஷா வருஷம் டிசம்பரில் விருத்தாசலத்திலிருந்து ஒரு குழுவை இமாச்சலத்துப் பனிமலைக்குக் கூட்டிப் போகிறவர். அதற்காக இரண்டு மாதம் முன்பிருந்தே ஞாயிறு காலைகளில் பையில் செங்கல்லைப் போட்டு எல்லோரையும் ஆற்று மணலில் நடக்கவிடுவார்.

"என்னாப்பா பூபாலா, அவசரத்துல பொண்டாட்டி பாவாடைய எடுத்துச் சுத்திக்கினு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பூபாலன் சிரிக்கவில்லை.

"இது கில்ட்டு சார். ஸ்காட்லாந்துல ஆம்பளைங்க போடறது. இதோடதான் பனியில மலை ஏறறாங்க."

"அங்க ஏறட்டும். நம்ம குரூப்புல ரெண்டு லேடீஸ் இருக்காங்க. அடுத்த வாரம் பேண்ட்டோட வா."

பூபாலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

பேண்ட் போட முடியாததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு மனமில்லை. பதினான்கு வருஷம் செராமிக் யூனிட்டில் சூளை வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் சூளையிலிருந்து வெளியே வந்த தள்ளுவண்டி சாய்ந்து, ஆறாத சூட்டிலிருந்த சாமான்கள் அவன்மேல் கொட்டின. இடது தொடை உட்பக்கம் முழுக்க வெந்துபோயிற்று. புதுச்சேரியில் வலது காலிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். ஒட்டின தோல் காகிதம் மாதிரி இருந்தது. பேண்ட்டின் தையல் உரசினால் இரண்டு கிலோமீட்டரில் உரிந்து ரத்தம் வந்துவிடும். யூனிட்டில் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே வேட்டியோடு ஓட்டிவிட்டான். பனிக்காற்றில் வேட்டி நிற்காது.

நெருப்புக்கு முன்னாலேயே இத்தனை வருஷம் நின்றாயிற்று, ஒரு தடவை பனியில் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அவன் மனைவி சந்திரலேகா தையல்காரி. செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இத நான் தச்சிடுவேங்க" என்றாள். ஈரோட்டிலிருந்து கம்பளித் துணி வரவழைத்து, இரண்டு முறை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். உள்ளே போட வழவழப்பான துணியில் டிராயரும் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து பார்த்தான். தோல் சிவக்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறும் கில்ட்டோடுதான் போனான். அதற்கடுத்த ஞாயிறும். பழமலைநாதன் அவனை வரிசையின் கடைசியில் நடக்கவைத்தார். டீ குடிக்கும்போது அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றவர்கள் எழுந்துபோனார்கள். வாட்ஸப் குரூப்பில் பாவாடை சட்டை போட்ட சிறுமி படத்தில் அவன் தலையை ஒட்டிப் போட்டார்கள். போட்டவன் பிரவீன்குமார், செல்போன் கடைக்காரன்.

நவம்பர் கடைசி ஞாயிறன்று அந்தப் பிரவீன்குமார்தான் பின்னாலிருந்து வந்து, கையிலிருந்த நடைக்கோலால் கில்ட்டைத் தூக்கினான். இன்னொரு கையில் போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

பூபாலன் திரும்பி ஓங்கி அறைந்தான். போன் மணலில் விழுந்தது. பிரவீன்குமார் குனிந்தபோது பிடரியில் இன்னொன்று விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பழமலைநாதன் வீட்டில் பஞ்சாயத்து. சந்திரலேகாவும் கூடப் போனாள்.

"தமாசுக்குப் பண்ணான். அதுக்குக் கை நீட்டுவியா? மன்னிப்பு கேளு. இல்லன்னா லிஸ்ட்டுலேருந்து உன் பேர எடுத்துடுவேன்" என்றார் பழமலைநாதன்.

"அவன் தூக்குனதுக்கு யாரு சார் மன்னிப்பு கேக்கறது?" என்றான் பூபாலன்.

"தூக்கற மாதிரி நீ ஏன்யா போட்டுக்கினு வர?"

சந்திரலேகா எழுந்துவிட்டாள். "உங்க வூட்டு லேடீஸுகிட்டயும் இப்படித்தான் கேப்பீங்களா சார்? அவரு ஆசைக்கா போட்டுக்கினு வராரு? தொடையெல்லாம் வெந்து, தோலு ஒட்டியிருக்குது. பேண்ட்டு போட்டா ரத்தம் வருது. தெரியுமா உங்களுக்கு?"

பிரவீன்குமார் தரையைப் பார்த்தான். பழமலைநாதனின் முகம் இளகியது.

"அடடா. மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க விட்டிருப்போமேப்பா."

"விடறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு பூபாலன் வெளியே போனான்.

வீட்டுக்குள் வந்ததும் வெடித்தான். "என் தொடைய ஊருக்கே காட்டிட்டு வந்துட்ட. அவன் கோலால தூக்குனான், நீ வாயால தூக்குன."

"ஆமாம், தூக்குனேன். பதினஞ்சு நாளு மிஷின்ல குந்தித் தச்சவ நானு. அவன் தூக்கும்போது எனக்கு வலிக்காதா?"

அவள் சொன்னது நியாயமென்று அவனுக்குத் தெரிந்தது. அதனாலேயே கோபம் கூடியது. மலைக்குக் கிளம்பும்வரை இருவரும் சாப்பாடு, சாவி என்று தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

பேரை எடுக்கவில்லை. பரிதாபப்பட்டுக் கூட்டிப் போனார்கள். ரயிலில் கீழ்ப் படுக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். "கால நீட்டுப்பா" என்றார்கள். கேலி பண்ணினபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவனுக்கு இதைத் தாங்க முடியவில்லை. மேல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

மலையில் மூன்றாம் நாள் பனி முழங்கால் ஆழம் இருந்தது. கில்ட்டின் விளிம்பில் பனி ஒட்டி உறைந்து, நடக்கும்போது தகடு மாதிரி சத்தம் போட்டது. ஆனால் தொடை எரியவில்லை. ஐந்தாவது ஆளாக உச்சிக்கு வந்து சேர்ந்தான். நாலா பக்கமும் வெளுத்துக் கிடந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியை அள்ளினான். விரல் மரத்துப்போகும்வரை கீழே போடவில்லை.

இறங்கும்போது எல்லோரும் உட்கார்ந்து சறுக்கினார்கள். அவனும் சறுக்கினான். பாதியில் பனி உள்ளே புகுந்துகொண்டது. கத்திக்கொண்டே எழுந்து நின்று உதறினான்.

கீழே புனேயிலிருந்து வந்த இன்னொரு குழு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் ஒருவன் அவன் உடையைக் காட்டி ஏதோ கேட்டான். பூபாலன் வாய் திறப்பதற்குள் பழமலைநாதன் முந்திக்கொண்டார். தெரிந்த இங்கிலீஷில், பாவம், தீக்காயம், பேண்ட் போட முடியாது, நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று சைகையோடு விளக்கினார். புனேக்காரர்களின் முகத்திலும் அந்தப் பரிதாபம் வந்து உட்கார்ந்தது.

பூபாலன் அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றான். "நோ. ஐ லைக். மை ஒய்ஃப் மேட்" என்றான். பிறகு பழமலைநாதன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"எனக்குப் புடிச்சிருக்குது, போட்டிருக்கேன். என் கால பத்தி இனிமே யாருகிட்டயாவது பேசினீங்க, பிரவீனுக்குக் குடுத்தது உங்களுக்கும்."

"நன்றி கெட்டவனே" என்றார் பழமலைநாதன். அதற்குமேல் கூடாரத்திலும் சரி, திரும்புகிற ரயிலிலும் சரி, பத்துப் பேரும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி விருத்தாசலம் ஜங்ஷனுக்குள் நுழையும்போது, குரூப்பிலிருந்து அவனை நீக்கிவிட்டதாகப் போனில் செய்தி வந்தது.

பிளாட்பாரத்தில் சந்திரலேகா நின்றிருந்தாள். அவன் போனை அவளிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரத்தம் வந்துதா?"

"இல்ல."

"கொசுவம் கலைஞ்சுதா?"

"கலையல. சறுக்கும்போதுதான் உள்ளாற பனி பூந்துகிச்சு. உயிரே போயிடுச்சு."

அவள் அங்கேயே குனிந்து, விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவன் விலகவில்லை.

"ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு கொக்கி வெச்சாப் போதும்" என்றாள். "அடுத்த வருஷம் நாமளே போவலாம். எனக்கும் ஒண்ணு தச்சுக்கறேன்."