பிளாட்பாரத்துக்கு வெளியே நின்ற பெட்டி

முத்தரசுவுக்குச் சந்தேகம் சளி மாதிரி. லேசில் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது.

மனைவி சந்திரலேகாவுக்குத் திருச்சியில் அரசாங்க வேலை. வாரம் முழுக்க விடுதியில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை சாயங்கால வண்டியில் ஊருக்கு வருவாள். காரைக்குடிக்கு அடுத்த சின்ன ஸ்டேஷனில் அது ஒரு நிமிஷம் நிற்கும். முன்பெட்டியில் உட்கார்ந்துதான் வருவதாக அவள் சொல்லியிருந்தாள். அதனால் முத்தரசு பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு முன்பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

கொஞ்ச வாரங்களாக அவள் அந்தப் பெட்டியிலிருந்து இறங்குவதே இல்லை. வண்டி போய்க் கூட்டமும் கலைந்த பிறகு, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மண்பாதை வழியாக வந்து நிற்பாள். காலெல்லாம் புழுதி, சேலைக் கரையில் முள்.

"எங்குட்டு இருந்து வர்ற?"

"வண்டியில இருந்துதான்." அவன் முகத்தைப் பார்க்காமலே பைக்கில் ஏறிக்கொள்வாள். அந்தப் பார்க்காமைதான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

டீக்கடைத் தண்டாயுதபாணி சும்மா இருப்பானா? "மாப்ள, போன வாரம் பின்னால ரோட்டுல ஒரு வெள்ளைக் காரு நின்னுச்சு. நமக்கெதுக்கு வம்பு" என்று சொல்லி, வம்பை முழுசாக இறக்கிவைத்தான்.

அடுத்த சனிக்கிழமை முத்தரசு டவுன் பஸ் ஏறிக் காரைக்குடிக்கே போய்விட்டான். அவள் இங்கேயே இறங்கி எவன் காரிலோ ஏறுகிறாள் என்பது அவன் கணக்கு. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. வண்டி வந்தது. முன்பெட்டியில் அவள் இல்லை. ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினான். வண்டி நகரத் தொடங்கவும், கைக்குக் கிடைத்த கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறினான்.

கழிப்பறைக் கதவை ஒட்டி, பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் சந்திரலேகா. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அவனைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "ஏங்க! என்னையக் கூட்டிட்டுப் போகவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமா" என்றான். "முன்பெட்டின்னு சொன்ன?"

"அங்க மூச்சு விட முடியாது. கூட்டம் தாங்காம, புதுசா வால்ல மூணு பெட்டி சேத்துருக்காகள்ல, இதுல கீழயாவது உக்காரலாம். நம்ம ஊரு பிளாட்பாரம்தான் பத்த மாட்டேங்குது. இந்தப் பெட்டி வளைவு தாண்டிக் கருவேலங்காட்டுக்கிட்ட நிக்கும். குதிச்சு எறங்கித்தான் வருவேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, வேலைய விட்டுருன்னுவீக."

அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது அவனுக்கு. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதற்றத்தில் விரல் எங்கேயோ பட்டு, ஸ்பீக்கரில் தண்டாயுதபாணியின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது.

"என்ன மாப்ள, பிடிச்சிட்டியா? காருக்காரன் யாருன்னு தெரிஞ்சுச்சா?"

முத்தரசு போனை அணைத்தான். சுற்றி இருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். சந்திரலேகா மட்டும் அவனையே பார்த்தாள். சற்றுமுன் மலர்ந்திருந்த முகத்தில் இப்போது ஒன்றுமே இல்லை.

வண்டி நின்றது. வாசலுக்குக் கீழே ஜல்லியும் முள்ளும்தான். அவன் முதலில் குதித்து, அவளுக்குக் கை நீட்டினான். அவள் பையை மட்டும் அந்தக் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானாகவே குதித்தாள்.

"அடுத்த வாரத்துல இருந்து முன்பெட்டியிலயே தொத்திட்டு வர்றேன்" என்றாள். "ஒங்க கண்ணு முன்னால எறங்கணும்ல."