துணிச் சுவர்

திங்கட்கிழமைகளில் வேலைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நல்ல மூச்சை இழுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க வாரக் கடைசியில் ஏசியை நிறுத்திவிடுவார்கள். பூட்டிக் கிடந்த அறை, ஈரச்சாக்கை முகத்தில் போட்டு அமுக்குவது போல வரவேற்கும்.

காஸாபிளாங்காவில் கடலை ஒட்டிய தெருவொன்றில், ஒரு காப்பிக்கடைக்குக் கீழே, தரைக்கடியில் இருந்தது அந்தக் கால் சென்டர். ஜன்னல் கிடையாது. எதிரொலி கேட்கக் கூடாதென்று நான்கு சுவரையும் தடித்த சாம்பல்நிறத் துணியால் போர்த்தியிருந்தார்கள். இன்டர்நெட் வேலை செய்யவில்லையென்று பிரான்சிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு இருபது பேர் பதில் சொன்னார்கள். போனில் எல்லோருக்கும் ஒரு பிரெஞ்சுப் பெயர். லுப்னா, போனில் லூயிஸ். அந்த இருபது பேருக்கும் அவள்தான் தலைவி. நாற்பதைத் தாண்டியவளை வேறெந்த இடத்திலும் எடுக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் சம்பாதிப்பவளும் அவள் ஒருத்திதான்.

அங்கே ஒவ்வொரு அழைப்புக்கும் மதிப்பெண் உண்டு; பேசும்போது இருமினால் அது குறையும். அதனால் எல்லோரும் இருமலைத் தொண்டையிலேயே மென்று விழுங்கப் பழகியிருந்தார்கள். சுவரோரம் உட்காரும் சுகைனாவால் மட்டும் விழுங்க முடியவில்லை.

"வீட்ல இருந்தா ஒரு இருமல் வராதுக்கா. இங்க வந்து உக்காந்தா போதும், நெஞ்சுக்குள்ள பூனை கத்துற மாதிரி கீச்சு கீச்சுங்குது."

"சிகரெட்டைக் குறைடி."

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அதுவும் உன்கிட்ட வாங்குறது."

லுப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே சுகைனாவின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, துணி பிரிந்திருந்த மூலையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. துணிக்குப் பின்னாலிருந்த பலகை முழுக்கக் கறுப்பாக, மயிர் முளைத்தாற்போலப் பூஞ்சை. விரல் வைத்த இடம் ஊறின ரொட்டி போல உள்ளே போனது.

லுப்னா போய் மேலாளரிடம் சொன்னாள். ஸி அப்துல் இலாஹ் எதையும் தமாஷாக்கிவிடுகிறவர்; பெண்களை மரியாதையாக 'லல்லா' என்றுதான் கூப்பிடுவார்.

"பூஞ்சையா? பாலாடைக்கட்டியில அதைப் பிரெஞ்சுக்காரன் காசு குடுத்துத் திங்கிறான், லல்லா லுப்னா!"

மறுநாளே ஓர் ஆள் வந்து பிளீச்சைத் தெளித்துத் துடைத்தான். மேலே புதுத் துணியை ஒட்டிவிட்டுப் போனான்.

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்க வேணாமா?" என்று கேட்டாள் லுப்னா. "ஈரம் இருக்கிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப வருமே."

மேலாளர் முகத்திலிருந்து தமாஷ் போய்விட்டது. "பாக்கணும்னா அறையை மூடணும். மூடினா பிரெஞ்சுக் கம்பெனிக்காரன் வேலையைத் துனீசியாவுக்குத் தூக்கிக் குடுத்துடுவான். அப்புறம் நீ எங்க போவ? சுத்தம் பண்ணியாச்சுன்னு எல்லார்கிட்டயும் நீயே சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீ சொன்னா நம்புவாங்க."

லுப்னா சொன்னாள். நம்பினார்கள்.

புதுத் துணியில் அந்த வாடை மறுபடி ஏறிய வாரத்தில், சுகைனா பேச்சின் நடுவில் நின்றுபோனாள். ஹெட்செட்டில் யாரோ ஒரு கிழவி "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சுகைனாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. தோள் ஏறி இறங்கியதே தவிர, காற்று உள்ளே போகவில்லை. அவசரக் கதவுக்கு ஓடினார்கள். புகைக்க நழுவுகிறார்களென்று அதற்குப் பூட்டுப் போட்டு நாளாகிவிட்டது; சாவி மேலாளரிடம், அவர் வெளியே போயிருந்தார். லுப்னா அந்தக் கதவைத் தோளால் இடித்தாள். அது அசையவேயில்லை. கடைசியில் நான்கு பேர் சுகைனாவைத் தூக்கிக்கொண்டு, நீண்ட நடையைக் கடந்து, குறுகலான படிகளில் முட்டி மோதித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

உயிர் பிழைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸி அப்துல் இலாஹ் லுப்னாவைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு சிகரெட் பிடிக்கிறவ. யாரு கேட்டாலும் அதைச் சொல்லு."

லுப்னா நேரே அறைக்குள் போனாள். சுகைனாவின் காலி நாற்காலியைத் தள்ளினாள், துணியின் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தாள். பசை பிரியும் சத்தத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் நிறுத்தவில்லை. தரையிலிருந்து கூரை வரை, மூலையிலிருந்து மூலை வரை கிழித்துப் போட்டாள். சுவர் மொத்தமும் கறுத்துக் கிடந்தது. பலகை இடுக்கில் பழுப்புத் தண்ணீர் கசிந்து வழிந்தது. அதில் காப்பித்தூள் கலந்திருந்தது. மேலே கடைக்காரன் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்.

"இதையா நாம மூச்சா இழுத்துட்டிருந்தோம்?" என்றான் ஒருவன்.

ஒருத்தி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு அடுத்தவள். எல்லோரும் படியேறித் தெருவில் போய் நின்றார்கள். மேலாளர் பின்னாலேயே ஓடிவந்து, "லல்லா லுப்னா, உள்ள கூட்டிட்டுப் போ இவங்கள!" என்று கத்தினார். காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையும் கையுமாக எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. அவர்கள் போன் செய்து வரவழைத்த தொழிலாளர் ஆய்வாளர் வந்து சுவரைப் பார்க்கும்வரை போகவில்லை.

அறையை மூடினார்கள். முதலில் மேலே உடைந்திருந்த குழாயை மாற்றினார்கள். ஊறிய பலகைகளை அறுத்தெடுத்தார்கள், துணியைச் சுருட்டி மூட்டை கட்டி எறிந்தார்கள், செங்கல் உலரும்வரை விசிறி ஓடவிட்டார்கள். அதன்பிறகுதான் புதுப் பலகை அடித்தார்கள். கதவுப் பூட்டும் போனது. வேலை துனீசியாவுக்குப் போகவில்லை. தலைவி பதவி மட்டும் லுப்னாவிடமிருந்து போய்விட்டது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மறுபடி லூயிஸாக உட்கார்ந்தாள். ஜன்னல் அப்போதும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகைனாவைப் பார்க்கப் போனாள். சுவரைக் கிழித்த கதையைச் சொன்னாள். சுகைனா புதினா டீயை ஊற்றி வைத்துவிட்டு, முழுதும் கேட்டாள்.

"நீதானக்கா சொன்ன, சுத்தமாயிடுச்சுன்னு," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அதை நம்பித்தான் அதே எடத்துல உக்காந்தேன்."

லுப்னா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சுதான் சொன்னேன்," என்றாள் கடைசியில்.

"இன்னும் அங்கதான் போறியா?"

"வேற எங்க போறது?"

சுகைனா எழுந்தாள். "டீ ஆறிப்போச்சு," என்று கோப்பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், சூடாக ஊற்றிக் கொண்டுவந்தாள். அந்த நாலு எட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.