பிள்ளையார் இறங்கும் நேரம்

எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்ட என் தலையில்தான், 1999இல், கொலு பொம்மைகளை இன்டர்நெட்டில் விற்கும் யோசனை உதித்தது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் இருக்கும் எங்கள் பொம்மைக் கடையை வெளிநாட்டில் இருப்பவர்களும் கம்ப்யூட்டரில் பார்த்து வாங்கட்டுமே என்று, பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். நவராத்திரிக்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவதாக வீட்டில் வீராப்பாகச் சொல்லியும் தொலைத்திருந்தேன்.

ஆடி பிறந்தும் ஒருவரும் வாங்கவில்லை. சிகாகோவில் இருக்கும் என் தோழி மாளவிகா போன் செய்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

“ஜலஜா, கிரீடம் வந்துடுத்துடி. தும்பிக்கை வரதுக்குள்ள காபி கலந்து குடிச்சே முடிச்சுட்டேன். உன் பொம்மையை எவ காத்துண்டிருந்து பாப்பா?”

எங்கள் கடையின் இன்டர்நெட் பக்கத்தின் உச்சியில் ஒரு பிள்ளையார் படம். என் மாமியார் கோமளம் பூஜை அறையிலிருந்து எடுத்துக் கொடுத்த காலண்டர் படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து, இரண்டு பக்கமும் ஆடும் விளக்கும், தானாக ஒலிக்கும் பாட்டும் வேறு சேர்த்திருந்தேன். பிள்ளையார் முழுசாக இறங்கினால்தான் கீழே பொம்மைகள் தலைகாட்டும்.

வெறி வந்தது. பாட்டைத் தூக்கினேன். விளக்கை மலையேற்றினேன். பொம்மைப் படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கினேன். கண் எரிந்தது, விடவில்லை. கடைசியில் பிள்ளையாரில் கை வைத்தபோது மாமியார் பின்னால் வந்து நின்றார்.

“அவரை எடுத்துட்டு வியாபாரம் பண்ணுவியா? நன்னா இருக்கு!”

“அவர் வரதுக்குள்ள வந்தவா எல்லாம் போயிடறாம்மா.”

“போறவா போகட்டும். அவரைக் கும்பிடாம இந்தக் கடைலேர்ந்து ஒரு பொம்மை வெளில போனதில்லை.”

எனக்குக் கோபத்தில் அழுகையே வந்தது. அவர் சொன்னதில் எனக்கும் பாதி நம்பிக்கை உண்டு, அதுதான் கஷ்டம். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவதாக இல்லை. மறுநாள், பக்கத்தை முதலிலிருந்து அமைத்துவிடுவது என்று தாளை எடுத்தேன். பேனா பட்டதும் கை தானாக மேலே பிள்ளையார் சுழி போட்டது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கும் மளிகைச் சீட்டுக்கும் இந்தச் சுழியோடு திருப்தியாகப் போய்விடுகிறவர், என் பக்கத்தில் மட்டும் ஆள் உயரத்துக்கு வேண்டுமென்று எப்போது கேட்டார்? பெரிய படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுழியை வைத்தேன்.

மாமியாரைக் கூப்பிட்டேன். மோடம் கத்தி ஓய்ந்தது. சுழி வந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குட்டிக்கொள்ள நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவதற்குள் பொம்மைகள் வரிசையாக வந்து நின்றன.

“அதுக்குள்ளயா?” என்றார். பாதியில் நின்ற கையை மறக்காமல் நெற்றிக்குக் கொண்டுபோய், மூன்று முறை குட்டிக்கொண்டார்.

அந்த வாரமே டொரான்டோவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் ஆர்டர் வந்தது. மாமியாரைக் கத்திக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். பெரிய பிள்ளையார் பொம்மை, ஒன்று.

“பாத்தியா, அவரைத்தான் கேக்கறா,” என்றார் மாமியார்.

ஜெயித்த சந்தோஷத்தில் கண் கலங்க, பொம்மைக்குச் சுற்ற வைக்கோல் எடுத்துவர ஓடினேன்.